வெறுங்கால் நேர்ச்சை

2013 ஒக்டோபர் 22, செவ்வாய்

விடிய விடிய மழை. நான் படிப்பிக்கிற முன்பள்ளிக்குப் பாதிப் பிள்ளைகள்தான் வந்தார்கள். வந்தவர்களும் நனைந்து வந்து, தும்மிக்கொண்டே பாட்டுப் படித்தார்கள். எனக்கும் தொண்டை கட்டிவிட்டது.

உப்பளத்தில் தண்ணீர் ஏறிவிட்டதாம். இனி வெயில் திரும்பும்வரை இவருக்கு வேலை இல்லை. வேலை இல்லாத மனிதர் வீட்டுக்குள் இருப்பது எனக்கு இன்னொரு வேலை. சோறு ஏன் ஆறிப்போனது, கோழி ஏன் கத்துகிறது, மகன் அஃப்ராஸ் ஏன் இன்னும் வரவில்லை. பின்னேரம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஸாஜிதா, இந்த மழை நாளுக்குள்ள நேர்ச்சைய முடிச்சிரலாம் எண்டு பாக்கிறன்."

எந்த நேர்ச்சை என்று கேட்கத் தேவையில்லை. நோன்பு மாதத்தில் பாலாவிச் சந்தியில் லொறி தட்டி, மகன் நினைவில்லாமல் கிடந்தபோது ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று இவர் வைத்த நேர்ச்சை. பிள்ளைக்கு ஹயாத்துக் கிடைத்தால், உச்சியில் ஆதி நபியின் பாதச்சுவடு இருக்கிற பாவாத மலையை வெறுங்காலோடு ஏறுவேன் என்று. பிள்ளை பிழைத்தான். காலுக்குள் கம்பி வைத்து, நொண்டி நொண்டி என்றாலும் இப்போது ஃபோன் கடைக்கு வேலைக்குப் போகிறான். அல்ஹம்துலில்லாஹ்.

"மலைக்குச் சனம் போறது டிசம்பருக்குப் பிறகுதானே" என்றேன்.

"சனம் இல்லாட்டி இன்னும் நல்லம். வெயில் வந்தா உப்பள முதலாளி லீவு தருவானா?"

கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். 

ஒக்டோபர் 30, புதன்

முன்பள்ளி விட்டு வந்து பார்த்தால் அறை முழுக்க இரத்தச் சுவடு. குசினியிலிருந்து வாசல்வரை, வாசலிலிருந்து கிணற்றடிவரை. பையைப் போட்டுவிட்டு இவரைத் தேடினால், கிணற்றடியில் நின்று முத்தலிபுவோடு கதைத்துக்கொண்டிருக்கிறார். பாதத்தில் துருப்பிடித்த ஆணி ஏறிக் கிடக்கிறது. தெரியவே இல்லையாம்.

பிடுங்கி எறிந்துவிட்டுச் சிரித்தார். "பாத்தியா முத்தலிபு, கால் எண்டா இப்பிடி இருக்கவேணும். உப்புல நிண்ட கால்."

முத்தலிபுவும் சிரித்தார். இவரோடு ஒரே உப்பளத்தில் வேலை செய்கிறவர், கூட்டாளி. மலைக்கும் கூட வருகிறாராம். அவரும் நேர்ச்சை வைத்தாரா என்று கேட்டேன். இல்லை, சும்மா பார்க்கத்தானாம்.

மஞ்சள் அரைத்துக் கட்டினேன். காலைப் பிடித்தபோது கல்லைப் பிடித்த மாதிரித்தான் இருந்தது. மன்னாரில் கடலுக்குப் போன கால். தொண்ணூறில் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, வள்ளத்தில் இங்கே வந்த பிறகு உப்பு. செருப்புப் போட்டு நான் கண்டது கலியாண வீடுகளில் மட்டும்.

நவம்பர் 7, வியாழன்

அஃப்ராஸுக்கும் வாப்பாவுக்கும் சண்டை.

"நானா ஏறச் சொன்னன்? நான் நல்லா இருக்கன்தானே, விடுங்களன்" என்று அவன் சொல்ல, "அல்லாஹ்வோட சொன்ன கதைய நீ சொல்லி விடேலாது" என்று இவர் சொல்ல, இரண்டு பேரும் சோறு உண்ணாமல் எழுந்துவிட்டார்கள். இரண்டு தட்டிலும் இருந்ததைக் கோழிக்குப் போட்டேன்.

நானும் போவதென்று முடிவெடுத்துவிட்டேன். போக ஆசை இல்லை. ஆனால் இவர் போய்த் திரும்பும்வரை வீட்டிலிருந்து யோசிப்பதைவிட ஏறி விழுவது இலேசு.

நவம்பர் 9, சனி

வெளிக்கிடுகிறோம். மாம்புரிச் சாள்ஸின் வான். அவர் வேதக்காரர், கிறிஸ்தவர்; ஆனாலும் இவரைவிட அவருக்குத்தான் உற்சாகம். குளிருக்கு என்று எங்கள் வீட்டில் எதுவும் இல்லை. இந்தக் கடற்கரையில் யாரிடம் இருக்கும்? பக்கத்து வீட்டு ஆசியா உம்மா, மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கம்பளிச் சட்டை ஒன்றைத் தந்தார். இவரைப் போடச் சொன்னேன். நீ போடு என்றார். இரண்டு துவாய், ஒரு சாரம், புரியாணிப் பார்சல், வெந்நீர்ப் போத்தல். எங்கள் ஆயத்தம் அவ்வளவுதான்.

நவம்பர் 12, செவ்வாய்

நேற்று வந்து சேர்ந்தோம். இப்போதுதான் எழுதக் கை வருகிறது. முழங்கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கிறது.

ஞாயிறு சுபஹ் தொழுதுவிட்டு, வெளிச்சம் வரும்போது மலையடி ஊரான நல்லதண்ணியிலிருந்து ஏறத் தொடங்கினோம். சாள்ஸ் வானோடு கீழே நின்றார். நான் சப்பாத்து, முத்தலிபு றப்பர்ச் செருப்பு, இவர் வெறுங்கால். வழியில் ஒரு கடையும் இல்லை. எல்லாம் தகரம் அடித்துப் பூட்டிக் கிடந்தன. தேயிலைக்குள்ளிருந்து ஒரு பெண் எங்களைக் கண்டு ஓடி வந்தாள்.

"ஐயா, இந்த மாசத்துல யாரும் போறதில்லீங்க. மேல ஒரு வாய் சுடுதண்ணி கெடைக்காது. வெறுங்காலோட வேற போறீங்களே."

"கால் பழகின கால், தங்கச்சி" என்றார் இவர்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கினேன்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. பனி, மரம், தண்ணீர்ச் சத்தம். இவர் எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் போனார். இவ்வளவு சந்தோசமாக இவரைக் கண்டு கனகாலம். அஃப்ராஸ் பிறந்த அன்றைக்கு மழைக்குள் ஓடி வந்ததைச் சொன்னார், அவன் முதல் வார்த்தையாக "காகம்" சொன்னதைச் சொன்னார்.

பாதி வழியில் மழை. படிக்கட்டு ஓடையாகிவிட்டது. அந்தத் தண்ணீர் எங்கள் ஊர் மழைத் தண்ணீர் இல்லை, கத்தி. காற்று வேறு. முத்தலிபு, ஒரு செருப்பின் வார் அறுந்துபோக, அதைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றார். "றஸாக், திரும்புவம். அல்லாஹ் நிய்யத்த, மனசில நினைச்சதப் பாப்பான்" என்றார். இவர் கேட்கவில்லை. கால் என்ன மாதிரி என்று கேட்டேன்.

"ஒண்டும் விளங்கல்ல. சும்மா பஞ்சில நடக்கிற மாதிரி."

அதைப் பெருமையாகத்தான் சொன்னார். அந்த நேரம் அவர் வைத்துப் போன படியைப் பார்த்தேன். தண்ணீரோடு சிவப்பாக ஏதோ ஓடியது. அட்டை கடித்தது என்று நினைத்தேன். அட்டையும் கடித்திருந்ததுதான்.

உச்சியில் எல்லாம் பூட்டு. மதிலில் கையை வைத்துக்கொண்டு துஆக் கேட்டார். உதடு நீலம். சத்தம் வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது. நான் ஆமீன் சொன்னேன். பிள்ளைக்காகக் கேட்ட துஆதானே. என் கண்ணிலும் தண்ணீர். மழையா அழுகையா தெரியாது.

இறங்கும்போதுதான் எல்லாம். முதலில் நடுநடுங்கிக்கொண்டு வந்தார். பிறகு நடுக்கம் நின்றுவிட்டது. சரி, உடம்பு பழகிவிட்டது என்று நினைத்தேன். அது நல்ல அறிகுறி இல்லை என்று யாருக்குத் தெரியும்? கதை குழறத் தொடங்கியது. என்னை, மவுத்தாகி இல்லாமல்போன தன் தாத்தாவின், மூத்த அக்காவின், பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். "வள்ளம் வந்துட்டா? எல்லாரும் ஏறிட்டாங்களா?" என்று கேட்டார். பிறகு படியில் குந்திக்கொண்டு சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

"வெக்கையா இருக்கு, விடு."

யா அல்லாஹ். அந்தக் குளிரில் வெக்கை என்கிறார். எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. நானும் முத்தலிபுவும் அவரை இழுத்துக்கொண்டு போய், பூட்டிக் கிடந்த ஒரு கடையின் தாழ்வாரத்துக்குள் போட்டோம். ஈரச் சட்டையை உரித்தோம். என் கம்பளிச் சட்டையை அவருக்குப் போட்டு, சாரத்தால் தலையைச் சுற்றி, நான் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். முத்தலிபு அறுந்த செருப்பை எறிந்துவிட்டுக் கீழே ஓடினார். நித்திரை கொள்ள விடாமல் கதைத்துக்கொண்டே இருந்தேன். என்ன கதைத்தேன்? முன்பள்ளிப் பாட்டுத்தான் வாயில் வந்தது. மலை நடுவில் இருந்துகொண்டு "அணிலே அணிலே ஓடி வா" என்று பாடினேன். யாரும் கேட்டிருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள்.

தோட்டத்துப் பெடியன்மார் வந்தார்கள். சாக்கில் தூக்கிக்கொண்டு தொழிலாளர் லயத்துக்குக் கொண்டுபோனார்கள். காலையில் எங்களை மறித்த அதே பெண்ணின் வீடு. பூங்காவனம் என்று பேர். சீனி போட்ட சுடுதேத்தண்ணியை மெல்ல மெல்லப் பருக்கினாள். கம்பளி தந்தாள். கொஞ்ச நேரத்தில் இவருக்கு என் பேர் ஞாபகம் வந்தது.

"காலை அடுப்புக்கிட்ட நீட்டாதீங்கய்யா. மரத்த காலுக்கு நெருப்புத் தெரியாது" என்று அவள் சொல்லிவிட்டுத்தான் விறகெடுக்கப் போனாள். நான் ஈர உடுப்பைப் பிழிய வெளியே போனேன். திரும்பி வந்தால் ஒரு மணம். இவர் சுவரில் சாய்ந்திருக்கிறார், வலது பாதம் அடுப்பு வாய்க்குள்ளேயே போன மாதிரி இருக்கிறது.

"இப்பத்தான் இதமா இருக்கு" என்றார்.

பெருவிரலும் பக்கத்து விரலும் வெந்து தோல் எழும்பியிருந்தது. அடியில் கல் வெட்டிய காயம் வேறு. வழியில் ஆஸ்பத்திரியில் காட்டுவோம் என்று சாள்ஸ் கெஞ்சினார். "வீட்ட போவம்" என்றார் இவர். நான் இன்னும் ஒரு தரம் சொல்லியிருக்கலாம். வானில் ஏறியதும் எனக்குக் கண் தானாக மூடிக்கொண்டது.

நவம்பர் 15, வெள்ளி

ஜும்ஆவுக்குப் போனார். துணி சுற்றிக்கொண்டு. நேர்ச்சை முடிந்தது என்று எல்லோரிடமும் சொன்னாராம்.

நவம்பர் 19, செவ்வாய்

காலை என்னைப் பார்க்க விடுகிறாரில்லை. தானே கட்டுகிறார், தானே அவிழ்க்கிறார், துணியைத் தானே எரிக்கிறார். நோகுதா என்றால் நோகவில்லை என்கிறார். பொய் இல்லை. உண்மையாகவே நோகவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

நவம்பர் 22, வெள்ளி

அஃப்ராஸ் வேலையால் வந்து கதிரையில் இருந்தவன் எழும்பினான். "வாப்பா, மணக்குது."

"மழை. சாக்கு மணக்குது."

"சாக்கு இல்ல வாப்பா. கால்."

"என்ர கால் எனக்குத் தெரியும்!" — கையால் நிலத்தில் அடித்தார். இந்த மனிதர் வீட்டில் சத்தம் போட்டது குறைவு. அஃப்ராஸ் நொண்டிக்கொண்டு வெளியே போனான். நான் சமைத்தேன். வேறென்ன செய்ய. சமைக்கிறேன், கழுவுகிறேன், மற்றவர்களின் பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக்கொடுக்கிறேன், இரண்டு ஆம்பிளையளுக்கும் நடுவில நிண்டு நிண்டு எனக்கே கால் விறைச்சுப் போச்சு.

நவம்பர் 24, ஞாயிறு

காய்ச்சல் நெருப்பாக. பேச்சு மூச்சு இல்லாமல் கிடந்தார். முத்தலிபுவும் சாள்ஸும் தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் துணியை அவிழ்த்தபோது நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். இரண்டு விரலும் கறுப்பு.

நவம்பர் 25, திங்கள்

சீனி வருத்தமாம், நீரிழிவு. கனகாலமாக இருக்கிறதாம். எங்களுக்குத் தெரியாது. ஆணி ஏறியது தெரியாமல் நடந்ததைச் சொன்னேன். டொக்டர், சின்னப் பெண், சிங்களத்தில் மெல்ல விளங்கப்படுத்தினார். காலில் உணர்ச்சி செத்துப்போய் எவ்வளவோ காலமாம். அப்படிப்பட்ட கால் குளிரில் இன்னும் மரத்துப்போகும், வெட்டினாலும் சுட்டாலும் சொல்லாது. அப்படியான ஆள் வீட்டு முற்றத்தில்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்றார். "மலையா ஏறினார்?" என்று திரும்பவும் கேட்டார், தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்த மாதிரி.

நாங்கள் பெருமைப்பட்ட கால். உப்பு உறுதியாக்கியது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அது உறுதி இல்லை. செத்துக்கொண்டிருந்திருக்கிறது, நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க.

இரண்டு விரலையும் எடுக்கவேணுமாம். பிந்தினால் முழங்கால்வரை.

நவம்பர் 27, புதன்

ஒப்புக்கொள்கிறாரில்லை.

"மவுத்தானாலும் முழுக் காலோட போறன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். முத்தலிபு சொல்லிப் பார்த்தார். நான் சொன்னேன். மருத்துவத் தாதி சொன்னார். சுவரோடுதான் கதைத்த மாதிரி.

பின்னேரம் அஃப்ராஸ் வந்தான். கட்டிலில் இருந்து, தன் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, தையல் போட்ட தழும்பைக் காட்டினான். இவர் பார்க்கவில்லை.

"வாப்பா, எனக்கு ஹயாத்துக் கேட்டுத்தானே ஏறினீங்க."

இவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

"குடுத்தானே அல்லாஹ். இப்ப நான் கேக்கிறன் உங்கட ஹயாத்த. எனக்கு மலை ஏறேலாது வாப்பா. கம்பி வச்ச கால். உங்களுக்கிட்டத்தான் கேக்கேலும்."

இவருடைய முதுகு அசைந்தது. திரும்பாமலே சொன்னார்: "எங்க கையெழுத்து வைக்கிற?"

நான் வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் முகத்தைக் கழுவினேன். கழுவிக்கொண்டே நின்றேன். பின்னால் நின்ற மனிசி, "முடிஞ்சா தாத்தா?" என்று கேட்கும்வரை.

நவம்பர் 28, வியாழன்

எடுத்துவிட்டார்கள். நித்திரையாகக் கிடக்கிறார். கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். மருந்து, ஊசி, சீனி பார்க்கும் மெஷின். ஒவ்வொரு நாளும் உள்ளங்காலைப் பார்க்கவேணுமாம், குனிந்து பார்க்க முடியாவிட்டால் கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கட்டாம். அலுமாரிக் கதவில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். ஒரு பக்கம் வைத்துவிட்டார்.

டிசம்பர் 13, வெள்ளி

பள்ளிவாசல் பெரியவர் பதுர்தீன் ஹாஜியார் நோய் விசாரிக்க வந்தார். முதலில் நல்லாத்தான் கதைத்தார். பிறகு, மலைக்கெல்லாம் நேர்ச்சை வைப்பது மார்க்கத்தில் இல்லை, அதற்குத்தான் இந்தச் சோதனை என்று தொடங்கினார். இவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். இதற்கு முன்னால் யாரும் இவரை இப்படிக் குனிய வைத்து நான் காணவில்லை.

நான் ஹாஜியாருக்கு முன்னால் வாய் திறந்ததில்லை. இன்றைக்கு எப்படி வந்தது தெரியாது.

"நேர்ச்ச மலைக்குத்தான் கூட்டிக்கொண்டு போச்சு, ஹாஜியார். விரலக் கொண்டுபோனது சீனி. அத எந்த வெள்ளிக்கிழமையும் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லித் தரல்லயே. தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

குடித்தார். போகும்போது, தனக்கும் பாதம் எரிகிறது, எந்த நாளில் க்ளினிக் என்று வாசலில் நின்று மெல்லக் கேட்டார். செவ்வாய்க்கிழமை என்றேன்.

2014 ஜனவரி 19, ஞாயிறு

மலைக்குச் சனம் போகும் காலம். கற்பிட்டியிலிருந்து ஒரு கூட்டம் சாள்ஸின் வானைக் கேட்டதாம். சப்பாத்தும் குளிர்ச் சட்டையும் இல்லாத ஆளை ஏற்ற மாட்டேன் என்றாராம் சாள்ஸ். அவர்கள் வேறு வான் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். சாள்ஸ் இதைச் சொல்லிவிட்டு, "எனக்கு அந்தக் கவலை வேணாம் அக்கா" என்றார்.

மார்ச் 4, செவ்வாய்

வெயில். உப்பு விளையத் தொடங்கிவிட்டது. இவர் தடியை ஊன்றிக்கொண்டு வேலிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். உப்புத் தண்ணீரில் இனிக் கால் வைக்கக் கூடாது. முத்தலிபு முதலாளியிடம் கதைத்து, வாசல் காவலுக்கு ஆளாக எடுக்கச் சொல்லியிருக்கிறார். சப்பாத்துப் போட்டுக்கொண்டு கதிரையில் இருக்கிற வேலை.

"காவலுக்கா?" என்று மட்டும் சொன்னார். பிறகு தடியை ஊன்றிக்கொண்டு திரும்பவும் வேலிவரை போனார். 

மார்ச் 17, திங்கள்

வேலைக்குப் போனார். முன்பக்கம் பஞ்சு அடைத்த சப்பாத்து. அஃப்ராஸ்தான் நாடாவைக் கட்டிவிட்டான். இரண்டு பேரும் நொண்டிக்கொண்டு ஒன்றாக பஸ் தரிப்பிடத்துக்குப் போவதை வாசலில் நின்று பார்த்தேன். சிரிப்பு வந்தது. உள்ளே வந்து அழுதேன்.

ஜூன் 11, புதன்

பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி ஆயத்தம். நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்தேன். எழுத ஒன்றும் இல்லை. களைப்பு.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

இன்றைக்கு அசர் தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன், இவர் பாயில் இருந்து கண்ணாடியைப் பிடித்துத் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதை நான் இப்போது சொல்லத் தேவையில்லை, தானாகச் செய்கிறார். நான் பக்கத்தில் இருந்து துணி மடித்தேன்.

"உன்ர காலையும் காட்டு."

"எனக்கென்ன? எனக்குச் சீனி இல்லதானே."

"காட்டு எண்டுறன்."

காலை நீட்டினேன். தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. கலியாணம் முடித்த நாளிலிருந்து இந்த மனிதர் என் பாதத்தைத் தொட்டதில்லை. குதிக்கால் வெடித்து வறண்ட வயல் மாதிரிக் கிடக்கிறது, பார்த்தார். பெருவிரல் நகம் பாதி கறுத்து வளைந்து வளர்ந்திருக்கிறது, அதையும் பார்த்தார்.

"இது எப்ப?"

"மலையில. இறங்கக்குள்ள அடிபட்டது."

"நோகல்லையா?"

"நொந்திச்சு."

என் காலை மெல்லப் பாயில் வைத்தார். எழும்பி, தடியை ஊன்றிக்கொண்டு குசினிக்குள் போனார். தேங்காயெண்ணெய்ப் போத்தலைத் தேடிப் பாத்திரங்களை உருட்டுகிற சத்தம் கேட்டது. எங்கே இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அப்படியே இருந்தேன், காலை நீட்டியபடி. துணி மடிக்கக் கிடந்தது, உலை வைக்கக் கிடந்தது. இருந்தேன்.